வலச்சக்கரம், இடச்சக்கரம்

தேர் ஓடும்போது ஊர் மொத்தமும் வடத்தைத்தான் பார்க்கும். சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் கால் போனால்தான் பார்ப்பார்கள்.

நல்லாற்றூரில் அப்படித்தான் ஆயிற்று.

அந்த ஊர்த் தேரின் வலச்சக்கரம் கீழவீதிக்காரர்களுக்கு, இடச்சக்கரம் மேலவீதிக்காரர்களுக்கு. யார் எப்போது பிரித்துக் கொடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் இவன் சக்கரத்தை அவன் தொட்டதில்லை, அவன் சக்கரத்தை இவன் தொட்டதில்லை. வீதி முனையில் தேர் திரும்ப வேண்டுமானால் வலச்சக்கரத்தின் முன்னே கட்டையை வைத்து அதை நிறுத்திப் பிடிக்க வேண்டும். இடச்சக்கரம் மட்டும் மெல்ல உருள வேண்டும். போன பங்குனியில் தெற்கு முனையில் தேர் திரும்பிக்கொண்டிருந்தபோது வலப்பக்கத்துக் கட்டை ஒரு கண்ணிமைப்பு முந்தி எடுபட்டுவிட்டது. தேர் குலுங்கி நேராகப் பாய்ந்தது. இடப்பக்கம் குனிந்திருந்த காத்தானின் பாதம் சக்கரத்தடியில் போயிற்று.

காத்தான், மேலவீதித் தலைவர் பூவலிங்கத்தின் தம்பி. கட்டையை எடுத்தவர் கீழவீதித் தலைவர் மருதையன். அன்றோடு இரு வீதிக்கும் பேச்சு நின்றது.

ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு வீதியும் சேர்ந்து ஒரே பயிற்சியை உண்டாக்க வேண்டும். பழைய ஆளும் புது ஆளும் அதில் பழக வேண்டும். இல்லாவிட்டால் வரும் பங்குனியில் தேர் கொட்டகையை விட்டு நகராது. இன்னொரு காலைக் கொடுக்க ஊர் தயாராக இல்லை.

பயிற்சியை முன்னின்று நடத்த ஆள் வேண்டுமே. எந்த வீதிக்காரரைச் சொன்னாலும் மற்ற வீதி ஒப்பாது. ஆற்றங்கரை மடத்துக்குத்தான் எந்தச் சக்கரத்திலும் பங்கில்லை. மடத்தின் தலைவர் அம்பல அடிகள், தம் சீடர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

ஏகாம்பரம் அடிகளைவிடப் பத்து வயது மூத்தவர். கோயில் நெற்களஞ்சியத்தில் நெடுங்காலம் மணியம் பார்த்தவர். மனைவி போன பிறகு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே திடீரென்று ஒருநாள் எல்லாம் அலுத்துப்போய் மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

"சுவாமி, எனக்குக் கட்டையும் தெரியாது, சக்கரமும் தெரியாது."

"தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதுதானே தொல்லை. நீர் போய்வாரும்."

ஏகாம்பரம் போனார். காலையில் கீழவீதி, மாலையில் மேலவீதி. இரண்டு இடத்திலும் உட்கார்ந்து கேட்டார். கட்டைக்கு எந்த மரம், எவ்வளவு கனம், குனியும்போது பாதம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கட்டையின் கைப்பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஓரிடத்தில் கேட்டதை மற்ற இடத்தில் சொன்னார். சொல்லும்போது முள்ளை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தக் கீழவீதி எருமைக்கு எப்பவும் அவசரம். கட்டையை வெச்சா கொஞ்ச நேரம் வெச்சிருக்கணும்னு போய்ச் சொல்லுங்க அவன்கிட்ட" என்பார் பூவலிங்கம்.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் மருதையனிடம், "கட்டையை இன்னும் சற்று நிதானமாக எடுக்கலாம் என்று பூவலிங்கம் அபிப்பிராயப்படுகிறார்" என்பார்.

மருதையன் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார்.

"யாரு, பூவலிங்கமா? அவன் அப்படியெல்லாம் படமாட்டானே!"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேலை நடந்தது. மாசி பிறப்பதற்குள் பயிற்சி ஓர் உருவத்துக்கு வந்துவிட்டது. இரு வீதி ஆட்களும் கொட்டகைக்கு வந்து பழகினார்கள். வலப்பக்கம் ஒரு கூட்டம், இடப்பக்கம் ஒரு கூட்டம், நடுவே ஏகாம்பரம். ஒரு பக்கத்துச் சந்தேகத்தை அவர் மறுபக்கம் கொண்டுபோய்ப் பதிலோடு திரும்புவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நடக்கும் நடையைப் பார்த்து, "ஐயா இந்த வயசுல நெசவுத் தறி நாடா மாதிரி ஓடுறாரு" என்றார்கள்.

"நீங்க இல்லேன்னா இது நடக்காது ஐயா" என்றார் மருதையன்.

அதையே அன்று மாலை பூவலிங்கமும் சொன்னார். வீதி வேறானாலும் சொல் ஒன்றாக இருந்தது.

அந்த வார்த்தை ஏகாம்பரத்தின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மடத்துக்குத் திரும்பும் வழியில் அதை வெளியே எடுத்துப் பார்ப்பார். துறவுக்கு வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பார். மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்.

பிறகு வெள்ளோட்டம் வந்தது. பெரிய தேருக்கு முன்னால் சின்னத் தேரில் மணல் மூட்டைகளை அடுக்கி, தெற்கு முனைவரை இழுத்தார்கள். நேர்வீதியில் ஒரு குறையும் இல்லை. முனையில் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் வலப்பக்கமிருந்து மருதையன் கத்தினார்.

"ஏகாம்பரம் ஐயா! அந்தப் பக்கம் எடுத்துட்டாங்களான்னு கேளுங்க!"

இடப்பக்கமிருந்து பூவலிங்கம் கத்தினார்.

"ஐயா! அங்கே வெச்சாச்சா? கேட்டுச் சொல்லுங்க!"

ஏகாம்பரம் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடினார். இடப்பக்கத்துப் பதிலோடு வலப்பக்கம் ஓடினார். தேர் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அது நேராகப் போய்ச் செக்கடிச் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. சுவர் பாதி சரிந்தது. எவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் சுவரோரம் கவைக்கோலை ஊன்றி நின்றிருந்த காத்தானுக்கும் சரிந்த கல்லுக்கும் இடையே ஒரு முழம்தான்.

காத்தான் கல்லைப் பார்த்தான். ஏகாம்பரத்தைப் பார்த்தான்.

"இருக்கிறது ஒண்ணுதான் ஐயா. இதையாவது விட்டுவைங்க" என்றான்.

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஏகாம்பரத்தால் அங்கே நிற்க முடியவில்லை.

அவர் மடத்துக்கு வந்தபோது உச்சிப்பொழுது. அடிகள் கூழ்க் கலயத்தின் முன் உட்கார்ந்திருந்தார். சமையல் பார்க்கும் சடையன் எதிரே அகப்பையோடு நின்றான்.

"சுவாமி, இந்தப் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும்."

"ஏன்?"

நடந்ததைச் சொன்னார். "நான் ஓடியது போதவில்லை. என்னைவிட வேகமாக ஓடக்கூடிய ஒருவரை அனுப்புங்கள்."

அடிகள் தமக்கும் சடையனுக்கும் நடுவே இருந்த இடத்தைக் காட்டினார். "உட்காரும்."

ஏகாம்பரம் உட்கார்ந்தார். அடிகள் ஒரு வாய் கூழ் குடித்தார்.

"உப்புக் குறைவு என்று சடையனிடம் சொல்லும்."

சடையன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். ஏகாம்பரம் தயங்கிவிட்டுத் திரும்பினார். "சடையா, உப்புக் கொஞ்சம் குறைவு போலிருக்கிறது."

சடையன் அடிகளைப் பார்த்தான். அவர் முகத்தில் என்ன கண்டானோ, ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "என்னைக்கும் போடுற அளவுதான் போட்டேன்னு சொல்லுங்க."

"வழக்கமான அளவுதான் என்கிறான், சுவாமி."

"என்றைக்குமே குறைவுதான் என்று சொல்லும்."

"சடையா, சுவாமி சில நாட்களாகவே இதைக் கவனித்துவருகிறார்."

"போன வாரம் உப்புக் கரிக்குதுன்னது யாருன்னு கேளுங்க!"

"சென்ற வாரம் சற்றுத் தூக்கலாக இருந்ததாக…"

"அது ஊறுகாயைச் சொன்னேன் என்று சொல்லும்."

"அது ஊறுகாயாம், சடையா."

"ஊறுகாய் நான் போட்டதில்லை, அவரே போட்டதுன்னு சொல்லுங்க!"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். கலயத்தைப் பார்த்தார். கூழின் மேல் ஆடை படிந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எழுந்துபோய்க் கால் கழுவிக்கொண்டு வாரும். காலெல்லாம் செங்கல் பொடி" என்றார் அடிகள்.

அவர் கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது.

"ஏண்டா, அந்த ஊறுகாய் அவ்வளவு மோசமா?"

"சாமி, நாய்க்கு வெச்சேன். அது என்னையே பார்த்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். உப்புக் கலயத்தின் மூடி திறக்கும் ஓசை கேட்டது. ஏகாம்பரம் வாளியைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கால் கழுவாமலே நடந்தார்.

திரும்பி வந்ததும், "சுவாமி, நாளை முதல் தேர் நிலைக்கு வரும்வரை மௌன விரதம் இருக்க அனுமதி வேண்டும்" என்றார்.

"கொட்டகைக்குப் போவீரா?"

"தினமும் போவேன்."

"அப்படியானால் அது கடுமையான விரதம்" என்றார் அடிகள்.

மறுநாள் சடையன் கூடவே வந்து கொட்டகையில் அறிவித்துவிட்டுப் போனான். "ஐயாவுக்கு மௌன விரதம். சைகையும் கிடையாது, மண்ணில் எழுதிக் காட்டுறதும் கிடையாது. நச்சரிச்சீங்கன்னா பாவம் உங்களுக்கு."

முதல் நாள் யாரும் ஒன்றும் செய்யவில்லை. மருதையன் ஏகாம்பரத்திடம் வந்து, "கட்டைக்கு எண்ணெய் தடவலாமான்னு அவங்களைக் கேட்டீங்களா ஐயா?" என்றார். ஏகாம்பரத்துக்குப் பதில் தெரியும். தடவக் கூடாது, வழுக்கும் என்று பூவலிங்கம் முந்தைய வாரமே சொல்லியிருந்தார். அந்தப் பதில் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அவர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

இரண்டாம் நாளும் அப்படியே கழிந்தது. பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரத்துக்கு உறக்கம் போயிற்று. இது விரதமா, கோழைத்தனமா? தேர் ஓடாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? அதைவிட, ஓடி இன்னொரு கால் போனால்? பேசாமல் நின்றவன் என்ற பெயரோடு எப்படி இருப்பது? மூன்றாம் நாள் விரதத்தை முறித்துவிடுவது என்றே தீர்மானித்துக்கொண்டுதான் கொட்டகைக்குப் போனார்.

அவர் போவதற்குள் சண்டை தொடங்கியிருந்தது.

"எண்ணெய் தடவினவன் எவன்டா?" பூவலிங்கம் வலப்பக்கத்துக் கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். மருதையனின் முகத்துக்கு நேராகவே கேட்டார். "இதுதான் உங்க வித்தையா? இப்படித்தான் போன வருசமும் வழுக்கிச்சா?"

"போன வருசம் வழுக்கலை" என்றார் மருதையன்.

ஏகாம்பரத்தின் கால்கள் தாமாக நடுவே போகப் பார்த்தன. அவர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னே என்னடா ஆச்சு? ஒரு வருசமா ஒரு வார்த்தை வந்து சொன்னியா? எங்க வீட்டு வாசப்படி தெரியாதா உனக்கு?"

"கட்டை நசுங்க ஆரம்பிச்சுது. முழுசா நசுங்கினா தெறிக்கும், வடத்துல இருக்கிறவன் மேல போய் விழும். அதான் எடுத்தேன். எடுக்கிறேன், எடுக்கிறேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கேக்கலையா உனக்கு?"

பூவலிங்கம் கட்டையைக் கீழே வைத்தார்.

"மேளம் அடிச்சுக்கிட்டு இருந்தான். ஒண்ணும் கேக்கலை."

"எனக்கு உன் பக்கம் தெரியலை பூவலிங்கம். குனிஞ்சா சக்கரம்தான் தெரியுது. உன் தம்பி அங்கே இருந்தான்னே எனக்குத் தெரியாது."

கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த காத்தான் கவைக்கோலால் தரையைத் தட்டினான்.

"தெரியலைன்னா அங்கே போய் நின்னு பாக்க வேண்டியதுதானே! இவன் அந்தச் சக்கரத்துக்குப் போகட்டும், அவன் இந்தச் சக்கரத்துக்கு வரட்டும். ரெண்டு பேரும் மாத்தி நில்லுங்க. என் கால் போன இடத்தை ஒருத்தனாவது பாருங்கடா!"

"சக்கரத்தை மாத்தறதா? வழக்கமில்லை" என்று ஒரு குரல் வந்தது.

"காலை எடுக்கிறது மட்டும் வழக்கமோ?" என்றான் காத்தான்.

மருதையன் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். சின்னத் தேரைச் சுற்றி இடப்பக்கம் போனார். இடச்சக்கரத்தின் முன் நின்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குனிந்தார். பூவலிங்கம் வலப்பக்கம் போனார்.

மணல் மூட்டையேற்றிய தேரை மெல்ல இழுத்தார்கள். பூவலிங்கம் வலச்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். சற்றுப் பொறுத்து எடுத்தார். இடப்பக்கமிருந்து மருதையன் ஓலமிட்டார்.

"நிறுத்து, நிறுத்து! பூவலிங்கம், இப்ப என்ன செஞ்சே?"

"கட்டையை எடுத்தேன். ஏன்?"

"இங்கே கைப்பிடி உதறுதுடா! நீ எடுத்தது என் கையில தெரியுது!"

பூவலிங்கம் ஓடிவந்தார். அவரும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். மறுபடி இழுக்கச் சொன்னார். மறுபடி எடுக்கச் சொன்னார்.

"ஆமா. உதறுது. இத்தனை வருசம் இந்தப் பக்கமே நின்னிருக்கேன். தேர் குலுங்குதுன்னுல்ல நெனச்சேன்."

"உனக்கு எதுதான் சரியாப் புரிஞ்சிருக்கு?"

"உனக்குப் புரிஞ்சுதா, எருமை?"

இந்தத் தடவை சொல்லில் இருந்த முள்ளை எடுக்க யாரும் தேவைப்படவில்லை. மருதையன் சிரித்துக்கொண்டே அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

அன்றிலிருந்து பயிற்சி வேறாக ஆயிற்று. கீழவீதி ஆட்கள் மேலவீதியாரிடம் இடச்சக்கரம் கற்றார்கள். மேலவீதி ஆட்கள் கீழவீதியாரிடம் வலச்சக்கரம் கற்றார்கள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கைப்பிடியின் நடுக்கத்தை வைத்தே மறுபக்கத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும் என்று காத்தான் ஒரு பரீட்சை வைத்தான். தவறாகச் சொன்னவனுக்குக் கவைக்கோலால் பின்னங்காலில் ஒரு தட்டு. திட்டும் கேலியுமாகக் கொட்டகை சந்தைபோல இரைந்தது. ஏகாம்பரம் தினமும் போய்த் தூணருகே உட்கார்ந்திருந்தார். தொடக்கத்தில் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகு அவர்மேல் துண்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பங்குனியில் தேர் நகர்ந்தது.

ஏகாம்பரம் வடத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே இருந்தார். முன்னும் பின்னும் முதுகுகள். சக்கரம் தெரியவில்லை. மருதையனும் பூவலிங்கமும் எங்கே என்று தெரியவில்லை. தெற்கு முனை நெருங்கியபோது வடத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்தார். வடம் ஒரு கணம் தொய்ந்தது. பிறகு இறுகியது. தேரின் நிழல் மெல்ல, மிக மெல்ல, வலப்பக்கமாகச் சாய்ந்து திரும்புவதைத் தரையில் பார்த்தார். கூட்டம் ஓவென்று கூவியது. சரிந்த செக்கடிச் சுவரின் மிச்சத்தில் ஏறி உட்கார்ந்திருந்த காத்தான் கவைக்கோலைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டிருந்தான்.

ஏகாம்பரத்துக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கையில்லை. இரண்டு கையும் வடத்தில் இருந்தன.

பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் கேட்டார். "பெருசு, உங்க ஊர்ல கட்டை போடுறவங்க கைகாரங்களா இருக்காங்களே! யாரு பழக்கினது?"

ஏகாம்பரம் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். முன்னாலிருந்த உள்ளூர் ஆள் ஒருவன் திரும்பாமலே பதில் சொன்னான்.

"யாரும் பழக்கலைங்க. அவங்களே பேசி வெச்சுக்கிட்டாங்க."

தேர் நிலைக்கு வந்தது. எல்லாக் காலும் இருந்தன. மரியாதைக்குத் தலைவர்களை அழைத்தபோது மருதையன் பூவலிங்கத்தை முன்னே தள்ளினார், பூவலிங்கம் மருதையனை முன்னே தள்ளினார். கட்ட வேண்டிய பரிவட்டத்தோடு அர்ச்சகர் அலுத்துப்போய் நின்றார். ஏகாம்பரம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூட்டத்திலிருந்து விலகி ஆற்றங்கரைக்கு நடந்தார்.

அடிகள் மடத்து முற்றத்தில், கைகளை மேல்துண்டுக்குள் மடக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவரும் அப்போதுதான் வந்தவர்போல் நெற்றியில் வேர்வை இருந்தது.

ஏகாம்பரம் விழுந்து வணங்கினார். எழுந்தார். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த தொண்டை முதலில் ஒத்துழைக்கவில்லை.

"சுவாமி, யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் இருக்கிறது."

"சொல்லுமே."

"யாருக்கு என்றுதான் தெரியவில்லை. மருதையனுக்கா, பூவலிங்கத்துக்கா, காத்தானுக்கா? உங்களுக்கா? வழியெல்லாம் யோசித்தேன். யாரை எடுத்தாலும் மற்றவர் விட்டுப்போகிறார்."

"நீர் எங்கே இருந்தீர்?"

"வடத்தில். நடுவில் எங்கேயோ."

"உமக்கு முன்னால் யார்?"

"தெரியவில்லை."

"பின்னால்?"

"அதுவும் தெரியவில்லை, சுவாமி. திரும்பிப் பார்க்க முடியவில்லை."

"கையைக் காட்டும்."

ஏகாம்பரம் காட்டினார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

அடிகள் மேல்துண்டை விலக்கித் தம் கைகளை வெளியே எடுத்தார். அவற்றை ஏகாம்பரத்தின் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டி விரித்தார். அவையும் அப்படியே உரிந்திருந்தன.

"சடையனிடம் தேங்காயெண்ணெய் வாங்கி வாரும்" என்றார். "உமக்கு நான் தடவுகிறேன், எனக்கு நீர் தடவும்."